முப்பத்திரண்டு டிகிரி

எங்கள் லேபில் எல்லாரும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். புரொபசர் 'யோவ்' என்பார். ஆராய்ச்சி மாணவராக வந்த ஒருத்தர்தான் என்னை 'சார்' என்பார். நான் ஐடிஐ படித்துவிட்டு டெக்னீஷியனாகச் சேர்ந்தவன். அவர் எம்.டெக். முடித்து, ஒரு தனியார் கல்லூரியில் லெக்சரராக இருந்து, லீவு போட்டுவிட்டு பிஎச்.டி. பண்ண வந்தவர். இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. நானும் அவரை சார் என்பேன், அவரும் என்னை சார் என்பார். புதிதாக வருகிறவன் இதில் எவன் பெரிய சார் என்று தெரியாமல் முழிப்பான்.

ஆளை ஒரே வரியில் சொல்லிவிடலாம். மெஷின் சொல்வதை நம்ப மாட்டார், மனுஷன் சொல்வதை நம்பிவிடுவார்.

ஒரு தரம் அவரோடு ஆட்டோவில் மயிலாப்பூரிலிருந்து அடையாறு வந்தேன். மீட்டர் ரிப்பேர் என்றான் டிரைவர். மெட்ராஸில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். இவர் "அப்படியா, பாவம்" என்றார். அடையாற்றுப் பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மீட்டரைத் திறந்துவிட்டார். டிரைவர் என்னைப் பார்க்கிறான், நான் டிரைவரைப் பார்க்கிறேன். ஐந்து நிமிஷம் ஊதித் துடைத்து மூடிவிட்டுக் கொடியைச் சாய்த்தார். மீட்டர் ஜம்மென்று ஓடியது. "தூசிதான் அடைச்சிண்டிருந்தது, இனிமே கவலை இல்லை" என்று டிரைவரின் முதுகில் தட்டிக் கொடுத்தார். இறக்கிவிட்டபோது அவன் மீட்டர் காட்டிய காசை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டு போனான்.

இன்னொரு தரம் தி. நகர் நடைபாதையில் ஒரு சிவப்புச் சட்டை வாங்கினார். சாயம் போகாது என்று கடைக்காரன் சொல்லியிருக்கிறான். முதல் தண்ணீரிலேயே சாயம் இறங்கி, கூட ஊறின வீட்டம்மாவின் வெள்ளைப் புடவை ரோஜாப் பூவாகிவிட்டது. மறுநாள் என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு லேபுக்கு வந்தார். தண்ணீரில் ஏதோ கோளாறு, அதனால்தான் சாயம் போயிற்று என்று சோதித்துப் பார்க்க வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அவன் ஏமாத்திக்கீறான் சார்" என்றேன். "சேச்சே, அவன் எதுக்கு என்கிட்ட பொய் சொல்லணும்?" என்றார். நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்கிற மாதிரி கேட்டார்.

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் வெகுகாலமாக வாடகைக்கு இருந்தார். மகள் குடும்பத்தோடு வந்து தங்கப்போகிறாள் என்று வீட்டுக்காரர் சொன்னார். இவர் ஒரே வாரத்தில் காலி பண்ணிக்கொண்டு திருவான்மியூர் போய்விட்டார். அந்த வீட்டுக்கு அடுத்த மாசமே வேறு யாரோ குடிவந்தார்கள். "மகள் வர முடியாம போயிருக்கும், பாவம்" என்றார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது என்பார்களே, இவர் அந்த விரலுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று விசாரிக்கிற ரகம்.

ஆனால் லேபுக்குள் வந்துவிட்டால் வேறு ஆள். அவருடைய ஆராய்ச்சி அலுமினியக் கலவைகளை அதிவேகத்தில் மில்லிங் பண்ணுவது பற்றியது. விமானத்துக்கு ஆகிற உலோகம். கட்டர் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றிக்கொண்டு அலுமினியக் கட்டியைச் சீவித் தள்ளும். சீவல் பறக்கும். அப்போது கட்டர் எவ்வளவு விசையோடு அழுத்துகிறது, வெட்டுகிற இடத்தில் எவ்வளவு சூடு ஏறுகிறது, வேகத்தைக் கூட்டக் கூட்ட இந்த இரண்டும் என்ன ஆகின்றன என்று அளக்க வேண்டும். விசையை அளக்க, கட்டிக்கு அடியில் டைனமோமீட்டர் என்று ஒரு பலகை. சூட்டை அளக்க, கட்டிக்குள் துளை போட்டுச் செருகிய இரண்டு மெல்லிய கம்பிகள்.

அந்தப் பலகைமேல் தினமும் காலையில் எடைக்கற்களை வைத்துச் சரிபார்ப்பார். அந்தக் கம்பியை தினமும் கொதிக்கும் தண்ணீரில் விட்டு நூறு காட்டுகிறதா என்று பார்ப்பார். "நேத்துதான பாத்தீங்கோ சார்?" என்பேன். "நேத்திக்கு அது சரியாச் சொல்லித்து. இன்னிக்கும் சொல்லும்னு என்ன நிச்சயம்?" என்பார். இந்தக் கேள்வியில் பாதியை அவர் மனுஷர்களிடம் கேட்டிருந்தால் எங்கேயோ போயிருப்பார்.

இப்போது பிளாஸ்க்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சூடு அளக்கிற கம்பிக்கு இரண்டு முனை. ஒன்று அலுமினியத்துக்குள் இருக்கும். மற்றது ஐஸ் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். இரண்டு முனைக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் அந்தக் கருவி காட்டும். ஐஸ் பூஜ்யம் டிகிரி, அதனால் வித்தியாசமே சூடு. எங்களிடம் இருந்தது உள்கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய பிளாஸ்க். காலையில் போட்ட ஐஸ் மத்தியானத்துக்குள் கரைந்துவிடும். சாப்பாட்டுக்கு அப்புறம் கேன்டீனுக்குப் போய்ப் புது ஐஸ் வாங்கி வந்து போடுவது என் வேலை. குறைந்த வேகங்களைக் காலையில் முடித்துவிட்டு, அதிக வேகங்களை மத்தியானம் வைத்துக்கொள்வார். ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"ஐஸ் இருக்கா சார்?"

"கீது சார்."

அவ்வளவுதான். ஓடிப் போய்ப் பிளாஸ்க்கைத் திறந்து பார்க்க மாட்டார். ஒரு எம்.டெக். மாணவன், பிளாஸ்க்கிலும் ஒரு தெர்மாமீட்டரைச் செருகிவிடலாமே என்றான். இவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நான் அங்கேயே நிற்கிறேன் அல்லவா, எனக்காக வருத்தப்பட்டார். "சார்தான் பாத்துக்கறாரே, அப்புறம் எதுக்கு அதெல்லாம்" என்று அவன் வாயை அடைத்துவிட்டார். எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. மந்தைவெளிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனது உறைக்கவில்லை.

அந்த மே மாசம் எனக்கும் கேன்டீனில் பரிமாறுகிறவனுக்கும் தகராறு வந்தது. காரணத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. புரொபசர்களுக்கு முழு அப்பளம் வைத்துவிட்டு எனக்கு உடைந்த அப்பளம் வைத்தான். கேட்டதற்கு, "நீ இன்னா கலெக்டரா?" என்றான். மறுநாள் ஐஸ் கேட்கப் போனபோது, "தெனமும் ஐஸு, ஐஸுன்னுகினு... அங்க இன்னா பொணத்தையா வெச்சிகினு கீறீங்க?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். உன் ஐஸும் வேண்டாம், நீயும் வேண்டாம் என்று காலிப் பாத்திரத்தோடு திரும்பி வந்துவிட்டேன்.

வந்து பிளாஸ்க்கைப் பார்த்தால் ஐஸ் சுத்தமாகக் கரைந்துவிட்டது. பிளாஸ்க் நிறைந்தாவது இருக்கட்டும் என்று குழாய்த் தண்ணீரை ஊற்றி வைத்தேன். மே மாசத்து மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர். அவர் வந்து கேட்டார். கீது சார் என்றேன். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். ஆனால் வீம்பு ஒரு நாளில் தீருமா? பன்னிரண்டு நாள் அப்படியே போயிற்று. காலையில் ஐஸ் தருகிறவன் வேறு ஆள், அதனால் காலையில் ஐஸ் இருந்தது, மத்தியானம் குழாய்த் தண்ணீர். பதின்மூன்றாம் நாள் கேன்டீன்காரன் தன் பொண்ணுக்குக் காதுகுத்து என்று பத்திரிகை கொண்டு வந்து என் கையில் வைத்து, "மனசுல வெச்சிக்காத நைனா" என்றான். சமாதானமாகிவிட்டோம். ஐஸும் வந்துவிட்டது.

அந்தப் பன்னிரண்டு நாளில்தான் அவருக்கு அது கிடைத்தது.

வேகத்தைக் கூட்டினால் விசை குறையும், சூடு ஏறும், ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாமல் நின்றுவிடும். இது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் வேகம் ஒரு எல்லையைத் தாண்டினால் சூடு திரும்பவும் குறையும் என்று எப்போதோ எந்த நாட்டிலோ ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாராம். சரியாக யாரும் கண்டதில்லை. ஒரு மனுஷன் சொல்லிவிட்டார், போதாதா இவருக்கு? அவருடைய கிராஃபில் அந்தப் பன்னிரண்டு நாளும் கடைசி மூன்று வேகங்களில் கோடு இறங்கியிருந்தது. முப்பத்திரண்டு டிகிரி இறக்கம்.

மயிலாப்பூரிலிருந்து ஜாங்கிரி வாங்கி வந்தார். புரொபசருக்குக் கொடுப்பதற்கு முன்னால் எனக்குத்தான் கொடுத்தார். "கருவி எல்லாத்தையும் திரும்பத் திரும்பப் பாத்தாச்சு சார், ஒரு தப்பும் இல்லை. ஐஸை நீங்க பாத்துண்டேள். அதனாலதான் இதை நம்ப முடியறது" என்றார். நான் ஜாங்கிரியைத் தின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. இன்னொன்று வேண்டுமென்று கேட்டும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருஷம்தான் உறைத்தது. புரொபசர் மாணவர்களுக்கு இந்தக் கம்பி வித்தையை விளக்கிக்கொண்டிருந்தார். ஐஸ் கரைந்து, தண்ணீர் அறைச் சூட்டுக்கு வந்துவிட்டால், ரீடிங் அவ்வளவு டிகிரி குறைவாகக் காட்டும், ஜாக்கிரதை என்றார். நான் ஓரத்தில் ஸ்பானர் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். அங்கே தெர்மாமீட்டர் தொங்குகிறது. முப்பத்திரண்டு. அடப்பாவி, அடப்பாவி என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

அதற்குள் அவர் அந்த முப்பத்திரண்டு டிகிரியைத் தேட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஐஸ் ஒழுங்காக வந்த பிறகு அந்த இறக்கம் எங்கே வரும்? அவர் மெஷின்களைச் சந்தேகப்பட்டார். கட்டரைச் சுழற்றுகிற ஸ்பிண்டிலுக்குப் பேரிங் மாற்றினார், கம்பி மாற்றினார், கரண்ட் ஏற்ற இறக்கம் என்று ஸ்டெபிலைசர் வாங்க வைத்தார். அளவுகளைப் பதிகிற ரெக்கார்டரைக் கழற்றி மேஜைமேல் பரப்பிவைத்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். காதோர முடி நரைத்துவிட்டது. பக்கத்தில் பிளாஸ்க் உட்கார்ந்திருக்கும். "ஐஸ் இருக்கா சார்?" என்பார். இப்போது உண்மையாகவே இருக்கும். "கீது சார்" என்பேன். அவர் பார்க்காவிட்டாலும் மூடியைத் திறந்து நான் இன்னொரு தரம் பார்த்துக்கொள்வேன்.

நாலு வருஷம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், முதல் வருஷம் வேலை போய்விடும் என்று பயம். அப்புறம் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பயம். அதற்கப்புறம் பயத்துக்குக் காரணம்கூடத் தேவைப்படவில்லை.

ஒரு நாள் அவர் வீட்டம்மா லேபுக்கு வந்தார். பள்ளிக்கூட டீச்சர். குடும்பமே அந்தம்மா சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, வாசல் வேப்பமரத்தடியில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். அவர் லீவு போட்டுவிட்டு வந்த கல்லூரியில் ஜூன் மாசம் வரைக்கும்தான் இடம் வைத்திருப்பார்களாம், பிஎச்.டி. பதிவுக் காலமும் முடிகிறதாம். அந்த இறக்கத்தை எடுத்துவிட்டு மீதியை எழுதிக் கொடுத்தால் உடனே கையெழுத்துப் போடுகிறேன் என்கிறாராம் புரொபசர். விசை பற்றிய பகுதி ஒன்றே பட்டத்துக்குப் போதுமாம்.

"இவர் மாட்டேங்கறார். கருவியில் தப்பில்லை, ஐஸ் இருந்தது, அப்புறம் எப்படி அதைத் தூக்கிப் போடறதுங்கறார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பார். உங்களை அவ்வளவு நம்பறார்" என்றார்.

அன்றைக்கே சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். கேன்டீனில் ஒரு டீயைக் குடித்துவிட்டு நேராக உள்ளே போனேன். அவர் கிராஃப் தாளில் குனிந்திருந்தார்.

"சார், ஒரு விஷயம். அந்த மே மாசம், மத்தியானத்துல ஐஸ் போடல சார். கொழா தண்ணிதான் ஊத்தி வெச்சேன்."

பென்சிலைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டிருந்தால் தேவலை. மெதுவாகக் கேட்டார்.

"எத்தனை நாள் சார்?"

பன்னிரண்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் நாலு வருஷமும் இருந்தது.

"ஒரு நாள் சார்" என்றேன்.

நோட்டுப் புத்தகத்தை எடுத்து எந்த நாள் என்று கேட்டார். வாய்க்கு வந்த ஒரு புதன்கிழமையைச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் 'மத்தியானம் ஐஸ் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. மீதிப் பதினோரு நாளைப் பற்றி இனிமேல் சந்தேகமே இல்லை என்றார். அப்புறம் பேரிங் மாற்றியதால்தான் இறக்கம் திரும்ப வரவில்லை என்று ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார். "நீங்க சொல்லலேன்னா அந்த ஒரு தப்பு நாளும் உள்ள போயிருக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். காபி வாங்கி வருகிறேன் என்று நான் வெளியே வந்துவிட்டேன்.

மூன்று மாசத்தில் எழுதி முடித்தார், பதினோரு நாளையும் வைத்து. புரொபசர் தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அது ஊர்ப் பெயர் மாறிய வருஷம். அட்டையில் மெட்ராஸ் என்று அச்சாகியிருந்ததைக் கிழித்துவிட்டுச் சென்னை என்று போட்டுத் திரும்ப பைண்டு பண்ணினோம். அதற்கும் நான்தான் அலைந்தேன். ஏதோ அதைச் செய்தால் கணக்குத் தீரும் என்கிற மாதிரி.

வெளிநாட்டுப் பரீட்சகர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. நிறைய பாராட்டியிருந்தார், விசை அத்தியாயம் பிரமாதம் என்றிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி. மத்தியான வேளைகளில் பிளாஸ்க்கின் சூட்டைத் தனியாக அளந்து குறித்திருக்கிறீர்களா? கடிதத்தோடு இவர் நேராக என்னிடம்தான் வந்தார்.

"அளக்கலை, ஆனா பொறுப்பான ஆள் பாத்துண்டார்னு எழுதப்போறேன். எழுதலாம் இல்லையா சார்?"

அது கடைசி வாய்ப்பு என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். "எழுதுங்க சார்."

எழுதினார். அந்தப் பரீட்சகர் இவர் மாதிரி ஆள் இல்லை. கடைசி மூன்று வேகங்களையும் பிளாஸ்க்கில் தெர்மாமீட்டர் வைத்துத் திரும்பச் செய்துகாட்டச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குள் அதிவேக ஸ்பிண்டில் சிக்கி நின்றுவிட்டது, புதிது வாங்க யாரும் கையெழுத்துப் போடவில்லை. புரொபசர் ரிடையர் ஆனார். ஜூன் எப்போதோ போய்விட்டது. கல்லூரி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. இவர் ஒரு வயர் கூடையில் நோட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போனார். போகும்போதும் அந்த ஸ்பிண்டிலைத்தான் ஒரு பார்வை பார்த்தார், என்னை இல்லை.

சில வருஷம் கழித்து, கொட்டிவாக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டில் அவரையும் வீட்டம்மாவையும் பார்த்தேன். கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள், நெற்றியில் விபூதி. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுப்பதாகச் சொன்னார். ரொம்ப மெலிந்திருந்தார். சொல்லிவிட வேண்டும், இனி எனக்கும் போவதற்கு ஒன்றுமில்லை, அவருக்கும் ஒன்றுமில்லை, பன்னிரண்டு நாளையும் சொல்லி இங்கேயே காலில் விழுந்துவிட வேண்டும் என்று தோன்றியது. "சார், அந்த ஐஸ்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னை முடிக்க விடவில்லை. வீட்டம்மா பக்கம் திரும்பினார்.

"இவர்தான். தானே வந்து அந்த ஒரு நாளைச் சொன்னார். யாருக்கு மனசு வரும்? ட்யூஷன் பசங்ககிட்ட இவரைப் பத்தித்தான் சொல்லுவேன்."

அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள்தானா?" என்று கேட்டார்.

சாருக்கு எனக்காகக் கூச்சமாகிவிட்டது. "என்ன கேள்வி இது, அவர்தான் சொல்லியாச்சே" என்றார்.

"ஒரு நாள்தாம்மா" என்றேன்.

தி. நகர் என்று போர்டு போட்ட பஸ் ஒன்று வந்து நின்றது. அவர் எனக்காக முன்னால் ஓடி, படியோரம் நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த எவனோ ஒருத்தனிடம் மந்தைவெளி போகுமா என்று விசாரித்தார். போவும் போவும் என்று அவன் கடலையை மென்றுகொண்டே சொன்னான். "ஏறுங்கோ சார், போகுமாம்" என்றார்.

நான் மந்தைவெளியிலேயே பிறந்து வளர்ந்தவன். அந்த பஸ் அந்தப் பக்கமே போகாது. ஏறி உட்கார்ந்துகொண்டேன். வண்டி கிளம்பும்வரை அவர் கீழே நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தம்மா ஆட்டவில்லை.